அடைக்கலநாதன் குடித்த கொதிதண்ணீர்

அடைக்கலநாதன் ஒரு மிஷன் கல்லூரியில் முப்பத்தொரு வருடம் ஆய்வுகூட உதவியாளராக இருந்தவர். பாடம் நடத்துவது ஆசிரியர். அடுப்பை மூட்டுவதும் வெப்பமானியைப் பிடிப்பதும் இவர். வெறும் தண்ணீர் நூறு பாகையில் கொதிக்கும். அதே குவளையில் ஒரு பெரிய கரண்டி உப்பைக் கரைத்தால் ஏறக்குறைய இன்னும் ஒரு பாகை ஏறித்தான் கொதிக்கும். கரைந்த உப்பு தண்ணீரை இலகுவில் ஆவியாக விடாது. இதை அவர் நித்திரையிலும் சொல்வார்.

இப்போது எழுபத்துநாலு வயது. இதயம் பலவீனம். உப்பு உடம்பில் நீரைத் தேக்கும், சேர்க்கவே கூடாது என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள். வந்து இரண்டு மாதத்துக்குள் கால்கள் மறுபடி வீங்கிவிட்டன. அடுத்த கிளினிக்கிலும் இப்படியே இருந்தால் ஆஸ்பத்திரி வாட்டில் மறித்துப் படுக்கவைத்துவிடுவார்கள். வாட்டை நினைத்தாலே அவருக்குச் சாப்பாடு இறங்காது. கிழமைக்கு இரண்டு நாள் வீட்டுக்குப் போய் அவரைப் பார்ப்பது, தாதியான என் வேலை.

"உப்பே போடுறேல்லை மிஸி," என்றார் மனைவி பியாட்றிஸ். "கறி, சொதி, கஞ்சி ஒண்டுக்கும் இல்லை. சாப்பாட்டுக் கோப்பையைக் கண்டாலே மனுசன் முகத்தைத் திருப்புது."

பொய் சொல்கிறவர் அல்ல. கண்ணுக்குக் கீழே கறுத்து, நிற்கவே அலுத்துப்போய் நின்றார். குசினிக்குள் போனேன். அடுப்பில் பெரிய பானை. தண்ணீர் பாதிக்குக் கீழே வற்றி, இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.

"இதென்ன?"

"குடிக்கிற தண்ணி. ஆஸ்பத்திரியிலை கொதிச்ச தண்ணிதான் குடுக்கச் சொன்னவை. எங்கடை கிணறு உவரெல்லோ. உப்புத் தண்ணி பிந்தித்தான் கொதிக்குமாம், கனநேரம் விட்டால்தான் கிருமி சாகுமாம் எண்டு இவர் சொன்னார். காலமை மூண்டு மணித்தியாலம், பின்னேரமும் அப்பிடித்தான்."

ஒரு கரண்டியை ஆறவைத்து வாயில் விட்டேன். உடனே துப்பினேன். உவர்க் கிணற்றுக்காரர் உவரை உப்பாக எண்ணுவதில்லை. அது தண்ணீரின் குணம். உப்பு என்றால் போத்தலில் இருப்பது.

ஒரு கோப்பையில் ஊற்றி அவரிடம் கொண்டுபோனேன்.

"ஐயா, உங்கடை கிணத்து உப்புக்கு எத்தினை பாகை ஏறும்?"

யோசித்தார். "பத்திலை ஒரு பாகையும் வராது."

"பேந்தென்னத்துக்கு மூண்டு மணித்தியாலம்?"

"ஒரு பாதுகாப்புக்குத்தான்..."

"அரைவாசித் தண்ணி ஆவியாப் போச்சு. உப்பும் கூடப் போச்சோ?"

"இல்லை. உப்பு நிக்கும்." குரல் இறங்கிவிட்டது. "இரட்டிப்பா நிக்கும்."

"ஊர்ப் பிள்ளையளுக்கெல்லாம் முழுப் பாடம், எனக்கு மட்டும் அரைப் பாடமோ?" என்றார் பியாட்றிஸ். "புகைக்குள்ளை கிடந்து ஊதி ஊதி, உங்களுக்கு உப்பையெல்லோ காய்ச்சித் தந்திருக்கிறன்!"

"நீர் நல்லாத்தான் காய்ச்சினீர்."

அவர் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

நல்ல தண்ணீர் பவுசர் லொறியில் ஒன்றுவிட்டொருநாள் ஒழுங்கை முகப்புக்கு வருகிறது. அதில் இரண்டு கலன் பிடித்து, நன்றாகக் குமிழி எழும்பியதும் இறக்கச் சொன்னேன். பத்து நிமிட வேலை. சோற்றுக்கும் அதே தண்ணீர்தான் என்றேன்.

மூன்று கிழமையில் கிளினிக். கால் வீக்கம் வடிந்து, நிறை மூன்று கிலோ குறைந்திருந்தது. இதயம் பழையபடிதான். ஆனால் மறிக்கவில்லை, அதே மருந்துக் குளிசைகளைத் தொடரச் சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் பியாட்றிஸ் செருப்போடேயே கதிரையில் சாய்ந்து, பட்டப்பகலில் உறங்கிப்போனார். அடைக்கலநாதன் மத்தியானச் சாப்பாட்டுக்கும் அவரை எழுப்பவில்லை.