தள்ளுபடி ஆன கடன்

இன்று என் கல்விக் கடனுக்காக அப்பாவோடு வங்கிக்குப் போனேன்.

மேனேஜர் கணினியைப் பார்த்துவிட்டு, "உங்க அப்பாவோட கிரெடிட் ஸ்கோர் ரொம்ப கம்மிம்மா. பழைய பயிர்க்கடன் ஒண்ணு கட்டலனு காட்டுது" என்றார்.

"அது தள்ளுபடி ஆயிடுச்சு சார். கவர்மெண்டே பண்ணாங்க" என்று அப்பா சான்றிதழை எடுத்து நீட்டினார். லேமினேட் செய்து வைத்திருக்கிறார்.

"சரிங்க. ஆனா நீங்க கட்டலதானே?"

"அப்போ இப்ப கட்டிடறேன் சார்."

"கணக்கே முடிஞ்சுபோச்சு. இல்லாத கடனுக்கு எப்படிங்க பணம் வாங்கறது?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

வெளியே வந்ததும் அப்பா, "தள்ளுபடி ஆன அன்னிக்கு நம்ம ஊரு அடி அண்ணாமலை பூரா லட்டு குடுத்தனேம்மா" என்றார்.

இல்லாத கடனை எந்தக் கவுண்ட்டரில் கட்டுவது? தெரிந்தவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள். அன்றுதான் ஃபீஸுக்குக் கடைசி நாள்.