கண்பட்டி மேனேஜர்

என் மருமகனுக்குப் பட்டம் இரண்டு. நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஒற்றை லேத்தில் தொடங்கி, நாற்பது பேர் வேலை பார்க்கும் பட்டறையாக வளர்த்தவன் நான். வளர்ந்த பட்டறைக்கு மேனேஜராக வந்து உட்கார்ந்தவர் அவர்.

போன வருடம் மேற்கே வெகுதூரத்தில் ஒரு கம்பெனிக்கு பேக்கிங் மிஷின் அனுப்பினோம். ஆட்கள் போய் இறங்கிய மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அதை ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடினால் இன்னும் பதினொரு மிஷினுக்கு ஆர்டர். ஓடாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். மருமகனையும் ஃபிட்டர் ஆந்தையையும் அனுப்பினேன். இருபது வருடம் ஷிப்ட் மாறி மாறி உழைத்தவனுக்குப் பட்டறை வைத்த பெயர் அது.

கிளம்ப நாலு நாள் இருக்கும்போதே ஆந்தை தினமும் ஒரு மணி நேரம் தள்ளிப் படுத்தான், தள்ளி எழுந்தான். மருமகனுக்குச் சிரிப்பு.

"ஏம்ப்பா, பிளேனை நீதான் ஓட்டப் போறியா?"

"ஷிப்ட் மாறுதுல்ல சார். ஒரே நாள்ல மாத்தினா உடம்பு முரண்டு பிடிக்கும்."

மருமகன் செய்த ஏற்பாடு வேறு: கழுத்துத் தலையணை, கண்பட்டி, தூக்க மாத்திரை. பிளேனில் ஓசியில் ஊற்றியதையெல்லாம் குடித்தார். ஆந்தை ஏறியதுமே கடிகாரத்தை அந்த ஊர் நேரத்துக்குத் திருப்பிவிட்டுத் தண்ணீர் மட்டும் குடித்தான்.

இறங்கியது நடுப்பகலில். மருமகன் அறைக்குள் நுழைந்ததும் ஜன்னல் திரையை இழுத்து மூடினார்.

"அரை மணி நேரம் கண்ணை மூடிக்கிறேன்."

"வேணாம் சார். இப்பப் படுத்தா எல்லாம் கெட்டுது. வெளிச்சத்துல நடந்துட்டு வருவோம்."

"எனக்கே பாடம் எடுக்கிறியா?"

ஆந்தை இருட்டும்வரை தெருத்தெருவாக நடந்தான். அந்த ஊர்க்காரர்கள் சாப்பிடும் நேரத்தில் சாப்பிட்டு, அவர்கள் படுக்கும் நேரத்தில் படுத்தான். அரை மணி நேரக்காரர் எழுந்தபோது இரவு எட்டு. அப்புறம் விடிய விடியக் கொட்டக் கொட்ட விழித்திருந்துவிட்டு, பொழுது புலரும் நேரத்தில் மாத்திரை போட்டிருக்கிறார், இரண்டு பட்டக்காரர்!

இங்கே பட்டறையில் விளக்குப் போடும் நேரத்தில் ஆந்தைக்குப் போன் செய்தேன்.

"என்னடா ஆச்சு?"

"மிஷின் ஓடுது முதலாளி. ஆர்டர்ல கையெழுத்தும் போட்டுட்டாங்க."

"அவங்க பேச்சு உனக்குப் புரியாதே?"

"சுவிட்சைப் போட்டேன், ஓடுச்சு, பாத்தாங்க. பேச்சு எதுக்கு?"

"மேனேஜர் எங்கே?"

"உடம்பு ரூம்ல கிடக்கு முதலாளி. தூக்கம் இன்னும் நம்ம ஊரை விட்டே கிளம்பலை. எழுப்பினா, வீட்டம்மான்னு நெனச்சு என்னைப் ‘போடி’ங்கிறாரு."

பதினொரு மிஷினும் போயாயிற்று. ஒவ்வொன்றையும் ஓட்டிக் காட்டியவன் ஆந்தைதான். மருமகன் இங்கேயே மேனேஜர் நாற்காலியில் கழுத்துத் தலையணையோடு இருக்கிறார். அந்தத் தூக்கத்துக்கு எந்த ஊர் நேரமும் ஒத்துவருகிறது.