ரங்கூன்காரர் போட்ட சோறு

என் வீட்டுக்காரர் பெயர் கவுஸ் பாஷா. கட்டிய பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்கிறாளே என்று யாராவது முகம் சுளித்தால் சுளித்துக்கொள்ளட்டும். குர்ஷித் பூபூவுக்கு நடந்ததைப் பார்த்த பிறகு எனக்கு அந்த மரியாதையெல்லாம் வெறுத்துப் போய்விட்டது.

வேலூர்க் கோட்டை அகழிக்கு எதிரே அவர் ஒரு விடுதி நடத்திவந்தார். கோட்டையைப் பார்க்க வந்தவர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், ஆம்பூருக்கும் ராணிப்பேட்டைக்கும் தோல் வாங்கப் போகிறவர்கள் என்று முன்கட்டில் எப்போதும் ஆண்கள் கூட்டம். பின்கட்டில் சமையலும் எங்கள் குடித்தனமும். நடுவே தடித்த திரை ஒன்று தொங்கும். திரை ஓரமாகச் சோறு போகும், காலிப் பாத்திரம் திரும்பி வரும். சாப்பிடுகிறவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது, சமைத்தது யாரென்று அவர்களுக்கும் தெரியாது.

குர்ஷித் பூபூ எங்களிடம் சமைக்க வந்தபோது நாற்பதைத் தாண்டிய விதவை. பிறந்த ஊர் வாணியம்பாடி என்று மட்டும் சொன்னாள். பூபூ என்றால் அத்தை, வாணியம்பாடி பூபூ என்றே பெயரும் நிலைத்துவிட்டது. ஆள் வைத்து வேலை வாங்கியவள் என்பது அவள் வெங்காயம் உரித்த அழகிலேயே தெரிந்தது. புருஷன் போனதும் கொழுந்தன்மார் வீட்டை எடுத்துக்கொண்டு இவளை வெளியே அனுப்பிவிட்டார்கள். அந்தப் பாவிகள் யார், எந்த ஊர் என்று நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "அவுங்க வீடு" என்பாள், அதற்கு மேல் பேச்சு நகராது. குடும்பத்து மானம் போய்விடுமாம். செத்துப்போன புருஷனின் பெயரும் அவள் வாயில் வராது.

ஒரே மகன். முன்னு, முன்னு என்று செல்லப் பெயரைத்தான் சொல்வாள், நிஜப் பெயரைச் சொன்னால் குடும்பம் தெரிந்துவிடுமாம். மீசை முளைக்காத வயதில் ஒரு தோல் வியாபாரியோடு பம்பாய்க்கு அனுப்பிவைத்தார்களாம். அவன் ஒருநாள் வருவான் என்பதற்காகத்தான் அவள் சாப்பிட்டாள், தூங்கினாள். பம்பாயிலிருந்து யாராவது வந்து தங்கினால் போதும், விசாரித்துச் சொல்லும்படி என்னை நச்சரித்துவிடுவாள்.

ஒரு மழைக்காலத்தில் வந்து தங்கியவர் பம்பாய்க்காரர் இல்லை, ரங்கூன்காரர். ஷபீ அஹமது என்ற அவர் பெயரெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரியும். ஆம்பூர் ரஷீத் அஹமது சாயபுவின் வீட்டம்மா வேலூருக்கு வந்துவிட்டாராம், எங்கே இருக்கிறார் என்று என் வீட்டுக்காரரிடம் விசாரித்திருக்கிறார். பெற்ற தாயின் பெயரை அன்னிய ஆண்கள் முன்னால் சொல்வது கேவலம், அதனால் அவர் சொல்லவில்லை. கேட்பது அதைவிடக் கேவலம், அதனால் இவரும் கேட்கவில்லை. இரண்டு பேருமாகப் பள்ளிவாசல், தோல் மண்டி, பெரிய மனிதர்கள் வீடு என்று அலைந்தார்கள். பெரிய வீட்டு அம்மாளை விடுதிச் சமையற்கட்டில் யார் தேடுவார்கள்? இன்னொரு வீட்டுப் பெண்ணைப் பற்றிப் பின்கட்டில் வந்து பேசுவது அழகில்லை என்று இவர் என்னிடம் மூச்சு விடவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பூபூவின் காதில் விழுந்திருக்கும்.

கடைசியில் எவனோ ஒருவன், ஆம்பூர் அம்மா ஒருத்தர் காலராவில் போய்விட்டார் என்று சொல்லித் தொலைத்தான். அதோடு அவர் தேடுவதை விட்டுவிட்டார். ரங்கூன்காரர் இறந்துபோன தன் தாய்க்காகப் பாத்திஹா ஓதி ஏழைகளுக்குச் சோறு போடுகிறார், நெய்ச்சோறும் தால்சாவும் வேண்டும் என்று பின்கட்டுக்குச் சேதி வந்தது.

பூபூ அன்று அடுப்பில் ஏறிய பெரிய தேக்சாப் பாத்திரத்தின் பக்கம் யாரையும் அண்டவிடவில்லை. வழக்கமாக உப்பு பார்க்க என்னைக் கூப்பிடுவாள், அன்று அதுவும் இல்லை. "செத்த தாயை மறக்காத புள்ள. அல்லா அவனுக்கு ஜாஸ்தியா குடுக்கட்டும்" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். தன் முன்னுவை நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. எனக்கும் அழுகை வந்தது.

முன்கட்டில் ஓதி முடித்து, பந்தியில் முதல் தட்டு வைத்ததும் ரங்கூன்காரர் ஜட்கா வண்டி ஏறிவிட்டார். காட்பாடியில் ரயில், மதராஸில் கப்பல். ஆண்கள் சாப்பிட்டு எழுந்தபின், வாசலில் காத்திருந்த பிச்சைக்காரப் பெண்கள் கொல்லைப்பக்கம் வந்தார்கள். பூபூதான் பரிமாறினாள். அதில் ஒருத்தி சோற்றை வாங்கிக்கொண்டு வாழ்த்தினாள்.

"ஆம்பூரு ரஷீத் அஹமது சாயபு சம்சாரம் பேருல ஓதுனாங்கம்மா. அந்தப் புண்ணியவதி நல்ல எடத்துல இருக்கட்டும்."

பூபூ அவளை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். அவளும் சொன்னாள். பூபூ என் பக்கம் திரும்பினாள்.

"நான் இன்னும் சாவலையேம்மா" என்றாள்.

புர்கா போடக்கூட அவள் நிற்கவில்லை. அன்னிய ஆண் கண்ணில் ஒருநாளும் படாதவள், முன்கட்டில் அத்தனை பேரும் பார்க்க, திரையைத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். நானும் இவரும் அவளை ஒரு ஜட்காவில் ஏற்றிக்கொண்டு பாலாற்றைத் தாண்டி காட்பாடிக்குப் போனோம். வழியில்தான் இவர் எல்லாவற்றையும் சொன்னார். ரங்கூன்காரர் பெயர் ஷபீ அஹமது என்றதும் பூபூ, அதுதான் முன்னுவின் நிஜப் பெயர் என்றாள். நாங்கள் போனபோது மெயில் வண்டி போய்விட்டிருந்தது.

இவர் அடுத்த வண்டியில் மதராஸ் போனார். கப்பலும் கிளம்பிவிட்டிருந்தது. ரங்கூன் போகிற தோல் வியாபாரிகளிடமெல்லாம் சொல்லி அனுப்பினோம். அந்த ஆள் வேலையை விட்டுவிட்டு மலாயா பக்கம் போய்விட்டார் என்று ஒரே ஒரு பதில் வந்தது. தாய் செத்துவிட்டாள் என்று நம்புகிறவர் இந்தப் பக்கம் எதற்குத் திரும்பிப் பார்ப்பார்?

பூபூ எங்களோடுதான் இருந்தாள். சமைத்தாள். பம்பாய்க்காரர் யார் வந்தாலும் விசாரிக்கச் சொல்வதை விட்டுவிட்டாள். சில வருஷம் கழித்து, ஜுரத்தில் படுத்தவள், எல்லாச் சடங்கும் முறையாகச் செய்கிறேன் என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது கையை ஆட்டித் தடுத்தாள்.

"எனக்குப் பாத்திஹா ஓதாதீங்க. என் புள்ள ஓதிட்டுத்தான் போய்ட்டான்."

நாங்கள் அடக்கம் மட்டும் செய்தோம்.