மிச்சம் பதினான்கு படம்

என் கேமராவுக்குக் கரண்டு வேண்டாம், சார்ஜர் வேண்டாம், பாட்டரிகூட வேண்டாம். இரும்பும் கண்ணாடியுமாக ஒரு கட்டி. கழுத்தில் மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் நடந்தால் பிடரி வலிக்கும். என் கணவர் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறவர். கருங்கடல் பக்கம் ஏதோ ஒரு துறைமுகத்தில், பழைய சாமான் சந்தையில் இதைப் பார்த்து வாங்கி வந்தார். ஷோகேஸில் வைத்தால் அழகாக இருக்கும் என்றார். எங்கள் ஷோகேஸில் அவர் ஊர் ஊராக வாங்கி வந்த பொம்மைகள் ஏற்கெனவே ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நின்றன. இடமில்லாததால் நான் அதில் படம் எடுக்க ஆரம்பித்தேன்.

பிலிம் இன்னும் விற்கிறார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். ஒரு ரோலுக்கு முப்பத்தாறு படம். கட்டைவிரலால் லீவரைத் தள்ளினால் ‘கர்ரக்’ என்று பிலிம் நகரும். பொத்தானை அழுத்தினால் ‘டொக்’. அந்த டொக்கைக் கேட்டு ஒருமுறை சர்ச்சில் பூசை நடுவில் சாமியாரே தலையைத் தூக்கிப் பார்த்தார். வெளிச்சத்தை அளந்து சொல்ல அதற்குள் எதுவும் கிடையாது. வானத்தைப் பார்த்து நாமே முடிவு செய்ய வேண்டும். வெயில் சுள்ளென்று அடித்தால் வளையத்தைப் பதினாறில் வை, மேகம் வந்தால் எட்டுக்கு வா, அவ்வளவுதான் கணக்கு. தூத்துக்குடியில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் பதினாறுதான். இந்த ஊர் வெயிலைத் திட்டாத ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

நான் ஷிப்பிங் ஆபீஸில் டாக்குமென்ட் பார்க்கிறேன். காலை முதல் மாலை வரை கம்ப்யூட்டரில் தட்டுவதும் அழிப்பதும் மறுபடி தட்டுவதும்தான் வேலை. கேமராவில் அழிக்கிற பேச்சே கிடையாது. எடுத்தது எடுத்ததுதான். அது எனக்குப் பிடித்திருந்தது. நான் வாயைத் திறந்தாலும் அப்படித்தான் என்று என் கணவர் சொல்வார். அதை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

இதில் பெரிய வேடிக்கை, படம் எடுத்துக்கொள்கிறவர்கள்தான். ‘டொக்’ சத்தம் கேட்டதும் எல்லாரும் ஓடிவந்து கேமராவின் முதுகைப் பார்ப்பார்கள். எதிர்வீட்டு அக்கா மூக்கு உரசுகிற அளவுக்குக் குனிந்து பார்த்துவிட்டு, “ஏளா, பொறத்தால வெறும் தோலுல்லா ஒட்டிருக்கு! எம் மூஞ்சி எங்க?” என்றாள்.

“மெட்ராசுக்குப் போயி கழுவிட்டு வரும்க்கா. ஒரு மாசம் ஆகும்.”

“ஒரு மாசமா? அதுக்குள்ள நான் இன்னும் ரெண்டு கிலோ ஏறிருவேனே!”

ஒரு மாதம் கழித்துப் படம் வந்தபோது, அதைத் தெருவில் உள்ள எல்லா வீட்டுக்கும் எடுத்துப் போய்க் காட்டியவளும் அவள்தான். செல்போனில் அவளை நூறு படம் எடுத்திருப்பார்கள். ஒன்றையாவது இரண்டாம் முறை பார்த்திருப்பாளா தெரியாது.

கடல் காற்று கேமராவுக்கு ஆகாது. லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிடும். மக்ரூன் நமுத்துப் போகாமல் இருக்கக் கடைக்காரர் கொடுத்த இறுக்கமான டின் ஒன்று வீட்டில் இருந்தது. மக்ரூனைத் தின்று தீர்த்துவிட்டு, கேமராவை அதில் குடிவைத்தேன்.

போன தடவை கணவர் லீவு முடிந்து கப்பலேறுகிற வாரத்தில் ஒரு கலர் ரோல் போட்டேன். அவர் சட்டை மடிக்கிறது, மீன் கழுவுகிறது, பெட்டி மேல் உட்கார்ந்து பூட்டுகிறது என்று இருபது படம். அவர் போன மறு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்புக் கொள்ளாமல் வேம்பாருக்குப் பஸ் ஏறினேன். உப்பளத்தில் இரண்டு படம் எடுத்தேன். அடுத்ததற்கு லீவரைத் தள்ளினேன். பாதியில் நின்றுவிட்டது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. எத்தனை படம் ஆயிற்று என்று காட்டுகிற சின்னச் சக்கரம் இருபத்திரண்டில் நின்றது. மிச்சம் பதினான்கு.

சென்னையில் கேமரா பழுது பார்க்கிற மூன்று பேருக்குப் போன் போட்டேன். ஒருவர் பார்க்கலாம் என்றார், எப்போது என்று சொல்லவில்லை. ஒருவர் இப்போது இதெல்லாம் செய்வதில்லை என்றார். மூன்றாமவர், “ஷோகேஸ்ல வைங்க மேடம், அழகா இருக்கும்” என்றார். அவருக்கும் என் கணவருக்கும் ஏதோ சொந்தம் இருக்க வேண்டும்.

என் மதினி, அதாவது அண்ணன் பெண்டாட்டி, வாரம் தவறாமல் செவ்வாய்க்கிழமை என் வீட்டுக்கு வருவாள். அவள்தான், “இதை உங்க அண்ணன்ட்ட குடுத்தா ஒரு நாள் வேலை” என்றாள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நானும் அண்ணனும் பேசி அப்போது நான்கு வருஷம் ஆகியிருந்தது.

சொத்துத் தகராறெல்லாம் இல்லை. அப்பாவின் கல்லறையில் பதிக்கிற படத்துக்காக வந்த சண்டை. அப்பா தோணியில் மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோய் வந்தவர். தலையில் துண்டு கட்டிக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற படம் ஒன்று என்னிடம் இருந்தது. அதைத்தான் வைக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். அண்ணன் என்னைக் கேட்காமலே பாஸ்போர்ட் படத்தைக் கொடுத்து பீங்கான் ஓட்டில் பதித்து வாங்கி வந்துவிட்டான். அதில் அப்பா போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிற மாதிரி இருந்தார். கல்லறைத் தோட்டத்தில், அத்தனை சொந்தக்காரர்கள் நடுவில் வைத்து, “நீ அப்பா மூஞ்சியப் பாத்திருந்தால்லா தெரியும்” என்றேன். அப்பாவின் கடைசி ஏழு மாதமும் ராவும் பகலும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவன் அவன். கையில் இருந்த மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டுப் போனான். அன்றோடு பேச்சு நின்றது. நான் முதலில் பேசுவதாக இல்லை. அவன் என்னைவிட அழுத்தக்காரன்.

“நீங்க ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கதுக்கு நான் எதுக்குளா என் பொழப்பக் கெடுக்கணும்?” என்று மதினி மட்டும் இரண்டு வீட்டுக்கும் போய் வந்துகொண்டிருந்தாள். அண்ணன் மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் பட்டறை வைத்திருக்கிறான். விசைப்படகுகளின் டீசல் பம்பும் நாசிலும் பழுது பார்ப்பது தொழில். முடி கனத்தில் ஓட்டை போட்ட சாமான்களோடு பழகிய கை. எனக்கும் வேறு வழியில்லை. கேமராவை மக்ரூன் டின்னில் வைத்து, மேலே ஒரு சீட்டு எழுதினேன். ‘உள்ளே பிலிம் இருக்கிறது. பின்மூடியைத் திறக்கக் கூடாது.’ அன்புள்ள என்று தொடங்கவும் இல்லை, இப்படிக்கு என்று முடிக்கவும் இல்லை.

மறுநாளே மதினி கையில் பதில் சீட்டு வந்தது. ‘மேல்மூடியைத் திறக்கலாமா?’

‘திறக்கலாம். வெளிச்சம் படக் கூடாது’ என்று எழுதிக் கொடுத்தேன்.

அதற்கு அவன் மதினியின் கறுப்புச் சேலையைக் கேமரா மேல் போர்த்தி, இரண்டு கையையும் உள்ளே விட்டுத் தடவித் தடவிக் கழற்றினானாம். “பெரிய வெள்ளிக்குக் கட்டுத சேலைளா! அம்புட்டும் கிரீஸு” என்று மதினி என்னிடம் வந்து கத்தினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததை அவனிடம் சொல்லிவிடாதே என்றும் சொன்னேன்.

அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. ஒரு வாரம் போயிற்று. இரண்டாவது வாரமும் போயிற்று. கேட்கும்போதெல்லாம் மதினி, “இன்னும் ஆகலியாம்” என்றாள். கணவர் முகம் இருந்த இருபது படமும் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. பதினாறாம் நாள் காலையில் வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே மதினிக்குப் போன் போட்டேன். எனக்குப் பொறுமை போய்விட்டிருந்தது.

“ஒரு நாள் வேலைன்னியளே மதினி, எங்க? போட்டுக்காரன் கேட்டா மட்டும் உடனே செய்வான், எனக்குன்னா கெடப்புல போடுவானா?” என்று ஆரம்பித்தேன். அவள் ஏதோ சமாதானம் சொல்லப் பார்த்தாள். நான் விடவில்லை. அப்பா கல்லறை வரைக்கும் போய்விட்டுத்தான் நிறுத்தினேன். கடைசியாக, “அவன் எனக்கு அண்ணனே இல்ல மதினி. அப்பாவோட சேத்து அவனையும் பொதச்சாச்சுன்னு நெனச்சுக்கிட்டேன்” என்றேன்.

மதினி, “அடுப்புல குழம்பு கெடக்கு” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மறுநாள் மக்ரூன் டின் வந்து சேர்ந்தது. உள்ளே சீட்டில் ஒரே வார்த்தை. ‘ஓடுது.’

லீவரைத் தள்ளிப் பார்த்தேன். நகரவில்லை. சக்கரம் முப்பத்தாறில் நின்றது. ரோல் முடிந்திருந்தது. பதினான்கு படத்தையும் பட்டறையில் கூரையைப் பார்த்துச் சுட்டுச் சோதித்திருக்கிறான் என்று எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஒரு படத்துக்கு நான் எவ்வளவு யோசிக்கிறவள்! பிலிமைச் சுருட்டிச் சென்னை லேபுக்கு அனுப்பினேன். கணவர் படங்களுக்காகத்தான் அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்துப் படங்கள் மெயிலில் வந்தன. ஆபீஸில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். கணவர் மீன் கழுவுகிற படத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தள்ளினேன். இருபத்திமூன்றாவது, நான் நினைத்த மாதிரியே பட்டறைக் கூரை. இருபத்திநான்கு, ஒரு கட்டைவிரல். அதற்கு அடுத்தது எங்கள் தெருமுனை.

அப்புறம் என் வீடு. தூரத்தில் இருந்து, மங்கலாக. அடுத்ததும் என் வீடுதான், கொஞ்சம் தெளிவாக. அதற்கு அடுத்ததில் மாடிக்கொடியில் கிடந்த துணிகள் வேறு. நான் ஒரு நாள் காயப்போட்டதை மறுநாள் விட்டுவைக்கிறவள் இல்லை. ஆகவே அது வேறு நாள். துணிகளை வைத்து எண்ணினேன். ஐந்து நாள் வந்திருக்கிறான். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கிட்டே வந்திருக்கிறான். முதலில் எதிர்ச் சுவர் ஓரம், பிறகு லைட் கம்பத்தடி, பிறகு ரோட்டின் இந்தப் பக்கம். கேமரா என்றைக்கோ சரியாகியிருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே வரவும் முடியாமல், திரும்பிப் போகவும் மனசில்லாமல், படம் எடுத்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

கடைசிப் படம் காகிதப்பூச் செடிக்குப் பின்னால் இருந்து, கேட் கம்பி வழியாக எடுத்தது. உள்ளே நான். மஞ்சள் நைட்டி, தோளில் துண்டு, ஒரு கையில் தண்ணீர்க் குழாய், காதில் போன். வாய் நன்றாகத் திறந்திருக்கிறது. சாமியாரையே தலைதூக்கவைத்த ‘டொக்’ சத்தம் எனக்குக் கேட்காத அளவுக்கு நான் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

சோற்றை மூடி வைத்தேன். தலைவலி என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

பட்டறையில் அண்ணன் ஒரு பம்பைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். முன்னந்தலை நரைத்திருந்தது. நான்கு வருஷத்தில் நான் அதைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்ததும் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

“படம் வந்துட்டு” என்றேன்.

“தெளிவா விழுந்துருக்கா?”

“மொதல்ல ரெண்டு மூணு மங்கல். பெறவு பரவால்ல.”

“அந்த முன்வளையம் கொஞ்சம் இறுக்கம். எண்ணெ விட்டிருக்கேன். போகப்போக எளகிரும்.”

இதற்கு மேல் கேமராவைப் பற்றிப் பேச எங்களுக்கு ஒன்றும் இல்லை. “அண்ணே, கடைசிப் படம் எடுக்கும்போது நான் போன்ல பேசுனதக் கேட்டியா?” என்றேன்.

கழிவுப் பஞ்சை எடுத்து விரல் விரலாகத் துடைத்தான். “எஞ்சினுக்குள்ள தலைய விட்டு விட்டு எனக்குக் காது போயி வருசம் எத்தன ஆச்சு? பக்கத்துல நின்னு கத்துனாலே பாதிதான் விழும். நீ எங்கனயோ நின்னு பேசுனது எனக்கு எப்டிளா கேக்கும்?”

எனக்கு உயிர் வந்தது. நம்பிவிட்டேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்து, படகுத்துறையில் தள்ளி நின்ற ஒரு படகை யாரோ ஸ்டார்ட் செய்தார்கள். எனக்கு அது வெறும் தடதட. அண்ணன் மட்டும் தலையைச் சாய்த்து ஒரு நொடி கேட்டான். உடனே எழுந்து வாசலுக்குப் போய், “ஏலே, அணை! மூணாவது நாசில் ஒழுகுதுலே, அணைச்சுப் போடு!” என்று கத்தினான்.

கத்திவிட்டுத் திரும்பினான். என் முகத்தைப் பார்த்தான். அப்போதுதான் தான் செய்தது அவனுக்கே உறைத்தது.

அவனுக்கு எல்லாமே கேட்டிருக்கிறது. புதைத்தாச்சு என்றதும் கேட்டிருக்கிறது. கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த்தான் ‘ஓடுது’ என்று எழுதி அனுப்பியிருக்கிறான். நான் அழுதுவிட்டேன். துடைத்துக்கொள்ள அவன் நீட்டிய பஞ்சில் டீசல் நாறியது.

“மன்னிச்சிருண்ணே, நான் மனசார அப்டிச் சொல்லல” என்றேன்.

அவன் ஒரு கையைக் காதுக்குப் பின்னால் குவித்தான். “என்னது? சத்தமாச் சொல்லு. நமக்குத்தான் காது கேக்காதுல்லா” என்றான். வாய் சிரித்தது. கண் கலங்கியிருந்தது.

படகுத்துறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி அதையே கத்திச் சொன்னேன்.