இஸ்திரிப் பெட்டி குடித்த தண்ணீர்

மாடியில் தம்பி தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினை மாட்டிய நாளிலிருந்து, கீழே கடை போட்டுத் துணி தேய்க்கும் அண்ணனுக்கு வயிறு எரிந்தது. அவர் வீட்டுக் குழாயில் வருவது உப்புத் தண்ணீர். கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும்.

தம்பி பெண்டாட்டி தினமும் ஒரு கேன் நிறைய மெஷின் தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள்.

"குடிங்க மாமா, இந்தச் சூட்டுல நிக்கிறீங்க."

அவராவது, குடிப்பதாவது. அத்தனையையும் நீராவி இஸ்திரிப் பெட்டிக்கே ஊற்றினார். உப்புத் தண்ணீர் ஊற்றினால் பெட்டியின் ஓட்டை அடைத்துக்கொள்ளுமே. தனக்கு மட்டும் காலையில் ஒரு டம்ளர், ராத்திரி ஒரு டம்ளர் குழாய்த் தண்ணீர். வேர்த்துக் கொட்டினாலும் அவ்வளவுதான்.

ஒருநாள் விலாவைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தார். சிறுநீரகத்தில் கல் என்றார் டாக்டர்.

"எல்லாம் அந்த உப்புத் தண்ணியால வந்தது. தம்பி மட்டும் நல்ல தண்ணியா குடிக்கிறான்."

"தண்ணி மேல பழி போடாதீங்க. எந்தத் தண்ணியா இருந்தாலும் நீங்க குடிக்கிறது பத்தாது. எல்லாம் வேர்வையிலயே போயிட்டா கல்லு சேராம என்ன பண்ணும்?"

மருந்தோடு திரும்பியவர் கடையைத் திறந்தார். பெட்டி ஓர் அடைப்பும் இல்லாமல் புஸ்ஸென்று நீராவி விட்டது. முதல் தடவையாக, தம்பியை விட்டுவிட்டுப் பெட்டியின் மேல் பொறாமை வந்தது.

கேனைத் தூக்கி மடமடவென்று குடித்தார். இனித்துத் தொலைத்தது.