அடிவாரத்தில் நின்ற பஸ்

எழுபத்தெட்டாம் வருஷம் இன்பமேரி மலைமேல் ஒரு எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள். வாரப் பத்திரிகைத் தொடர்கதையைப் படித்து, "நொம்ப நல்ல கதைங்க, கேட்டுப் பாருங்க" என்று கூட வேலை செய்த பெண்களுக்கு வாராவாரம் சொல்லிப் பழக்கியவள் அவள்தான்.

கதை படித்துக் கெட்டுப்போகிறாள் என்று புருஷன் ஏசுராஜ் பத்திரிகையை நிறுத்தினான். அவன் அதில் ஒரு பக்கம்கூடப் படித்தவனில்லை. இன்பமேரி அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு, தானே இட்டுக்கட்டிக் கதையைத் தொடர்ந்தாள். கதையில் வந்த பட்டணத்துப் பெண் புருஷனை விட்டுப் பஸ் ஏறினாள். பட்டணத்துப் பஸ் எப்படியோ கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி அடிவாரத்தில் நின்றது. யாரும் குறை சொல்லவில்லை.

"ஏனுங்க, அப்புறம் அந்தப் புள்ள எங்க போச்சு?" என்றாள் கூட வேலை செய்த ராசம்மாள்.

அடிவாரத்தைத் தாண்டி இன்பமேரி போனதே இல்லை.

"டிரைவர் டீ குடிக்கப் போயிருக்காருங்க."

அவர் போய் அது மூன்றாவது வாரம்.