வாட்ச்மேன் கொடுத்த லீவ்

ஆம்பூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கு நான் தலைமையாசிரியையாகப் போன புதிது. மறுநாள் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் பிராக்டிகல். அட்டெண்டென்ஸில் நசீமாவைக் காணோம். பிராக்டிகலில் ஆப்சென்ட் என்றால் அறிவியலே போச்சு. நன்றாகப் படிக்கிற பெண் வேறு. எனக்குத் தலை கொதித்தது. ஷூ கம்பெனி கட்டிங் செக்‌ஷனில் இருந்த அவள் அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"பெரிய பொண்ணு பெங்களூர்ல பிரசவத்துக்கு ஆஸ்பத்திரில இருக்கா மேடம். அவங்கம்மா கூட இருக்கா. மாப்ள சவுதில. வீட்ல பேரனப் பாத்துக்க நசீமாவ அனுப்பிட்டேன்."

"யாரக் கேட்டு அனுப்பினீங்க?"

"பர்மிஷன் வாங்கினேனே! ஸ்கூல் கேட்ல வாட்ச்மேன் கிட்ட சொன்னேன், சரின்னாரு."

அவ்வளவு கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. கம்பெனியில் கேட்டைத் தாண்ட விட்டால் லீவ் கிடைத்ததாக அர்த்தம். பள்ளிக்கூடமும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார். நாங்கள் மட்டும் என்ன ஒழுங்கு? 'உரிய முன் அனுமதி பெற வேண்டும்' என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தோம். யாரிடம் பெறுவது என்று ஒரு வார்த்தை கிடையாது.

"உங்க கம்பெனில கேட் பாஸ்ல யாரு சைன் பண்ணுவாங்க?"

"சூப்பர்வைசர்."

"இங்க அது நான்தான். நான் சைன் பண்ணல. நாளைக்கு பிராக்டிகல். வரலைன்னா பெயில்."

"பெயிலா? அவ வாயே தொறக்கலியே! ஆனா ஆளில்லாம ரொம்ப பேஜாராயிடும் மேடம். குழந்தைய யாரு பாக்கறது?"

"நீங்க பாருங்க. உங்களுக்குக் கம்பெனில லீவ் உண்டு. அவளுக்குப் பரீட்சைல லீவ் கிடையாது."

நசீமாவின் பெயரை மதிய பேட்சுக்கு மாற்றி வைத்தேன். மறுநாள் காலை ரயிலில் அவரே அழைத்து வந்தார்.

"குழந்தையப் பெங்களூர்லயே பக்கத்து வீட்ல விட்டிருக்கேன், கெளம்பறேன்" என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் ஓடினார். நசீமா பிராக்டிகலை நிதானமாகச் செய்து முடித்தாள்.

அந்த வாரமே நோட்டீஸைக் கிழித்துப் போட்டேன். 'பள்ளி நாளில் பிள்ளையை வெளியூர் அழைத்துப் போக ஹெச்.எம். கேட் பாஸ் வேண்டும்' என்று எழுதி ஒட்டினோம். ஷூ கம்பெனிகளில் வேலை பார்க்கிற ஊருக்கே புரிந்தது. நான் ஓய்வு பெறும்வரை என்னைக் கேட்காமல் ஒரு பெண்ணையும் யாரும் அழைத்துப் போகவில்லை. இதைப் பெருமையாகவே சொல்கிறேன். விதி போடுகிற இளம் ஆசிரியர்களே, படிக்கப் போகிறவர் வாயில் புழங்கும் சொல்லில் எழுதுங்கள்.

ரிசல்ட் அன்று நசீமாவின் அப்பா மக்கன் பேடா ஸ்வீட்டோடு வந்தார்.

"பாஸாயிட்டா மேடம். ஆனா நீங்க என்னை நல்லா மாட்டி விட்டுட்டீங்க. பேரன் இப்ப நான் ஊட்டினாத்தான் சாப்பிடறான்."